வேலியை வெட்டும் முன் பத்து நிமிடம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, வேலிச்செடியைப் பற்றியவை. மழையில் செடிகள் மளமளவென்று தழைத்துவிட்டன, மலேசியாவின் எல்லாத் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) மெஷின் சத்தம் கேட்கிறது, அதனால்தான் இருக்கும். மண் கலவை, உரம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். செந்தூல் சகோதரியின் கடிதத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் செம்பு நிற இலை வேலி நீளமாக இருக்கிறது. குடியிருப்பாளர்கள் சேர்ந்து பணம் போட்டு, மாதம் ஒருமுறை ஆள் வைத்து மெஷினால் வெட்டுகிறோம். போன வாரம் வெட்டி முடிந்ததும் குப்பையை அள்ளினேன். தைத்து வைத்தது போன்ற ஓர் இலைக்குள் மூன்று குஞ்சுகள் இருந்தன. இறகு முளைக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினோம். மறுநாள் காலையில் மூன்றும் இறந்து கிடந்தன. மகள் இன்னும் அழுகிறாள். நாங்கள் என்ன தவறு செய்தோம்? வேலியை வெட்டாமலே விட்டுவிடலாமா? — ஒரு வாசகி, செந்தூல்

பதில்: சகோதரி, உங்கள் மகள் அழுவதைத் தடுக்காதீர்கள். அழ வேண்டிய விஷயம்தான் அது. நானும் ஒருநாள் அப்படி அழுதிருக்கிறேன்.

பினாங்கில், பாலிக் பூலாவ் சாலையோரம் 27 வருடம் நர்சரி நடத்தியவள் நான். செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ, நீங்கள் சொல்லும் செம்பு இலை என்று வேலிக்கான கன்றுகளை ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறேன். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் வெட்டியும் கொடுத்திருக்கிறேன். நர்சரி வாசலிலேயே ஒரு செம்பு இலை வேலி இருந்தது. வியாபாரம் நன்றாகப் போன ஒரு வருடம் புதிதாக மெஷின் வாங்கினேன். முதல் வெட்டு அந்த வேலிக்குத்தான். பாதி தூரம் போனபோது ஒரு சின்னப் பறவை என் முழங்கால் உயரத்தில் வந்து நின்று, வாலை நிமிர்த்திக்கொண்டு விடாமல் கத்தியது. மெஷின் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவதைத்தான் பார்த்தேன். அப்போதும் நிறுத்தவில்லை. நிறுத்தியபோது தரையில் இலையோடு இலையாக அந்தக் கூடு கிடந்தது.

அதை எடுத்து மேசை மேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தையல்சிட்டின் கூடு. இரண்டு இலைகளின் ஓரத்தை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்திருந்தது. ஓரம் முழுக்க ஊசி முனை அளவில் துளைகள். ஒவ்வொரு துளை வழியாகவும் சிலந்தி நூலும் பஞ்சிழையும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தன. வெளியே வந்த நுனி பிசிறாக விரிந்து நின்றதால் நூல் பின்னால் நழுவவில்லை. முடிச்சு ஒன்றுமே இல்லை. அலகைத் தவிர வேறு கருவி இல்லாத ஓர் உயிர் செய்த வேலை அது. நான் துணி தைக்கத் தெரிந்தவள், அந்தத் தையலின் அருமை எனக்குத் தெரியும். பைக்குள்ளே பஞ்சு மெத்தை, அதில் மூன்று முட்டைகள், அவற்றில் இரண்டு உடைந்திருந்தன.

அன்றைக்கு ராத்திரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது உங்களுக்கும் அதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. தையல்சிட்டு கூடு கட்ட நாலைந்து நாள். நாளுக்கு ஒன்றாக மூன்று நான்கு முட்டை இட இன்னும் மூன்று நான்கு நாள். அடைகாக்க சுமார் 12 நாள். பொரித்த குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க ஏறக்குறைய 14 நாள். கூட்டினால் ஐந்து வாரம் ஆகிறது. உங்கள் தாமானில் நான்கு வாரத்துக்கு ஒரு வெட்டு. வெட்டிய மறுநாளே ஒரு ஜோடி கூடு கட்டத் தொடங்கினாலும், அடுத்த மெஷின் வரும்போது குஞ்சுகள் பறக்கத் தயாராக இருக்காது. மாதாமாதம் முழு வேலியையும் வெட்டுகிற இடத்தில் ஒரு குஞ்சும் தேறாது. பறவைகளோ விடாமல் மறுபடியும் கட்டும். நமக்கு வேலியில் குருவி நிறைய இருப்பது போலத் தெரியும், ஆனால் அங்கே ஒரு குடும்பமும் வளர்ந்து போயிருக்காது.

தேன்சிட்டுக்கும் சின்னானுக்கும் இதே கதைதான். சின்னான் என்றால் மலாய்க்காரர்கள் மெர்பா காப்பூர் என்று சொல்லும் பறவை, வால் அடியில் மஞ்சளாக இருக்கும். அது நெஞ்சு உயரத்தில், செடிக்குள்ளே புல்லும் சருகும் வைத்துக் கிண்ணம் போலக் கட்டும். மெஷின் கூட்டைத் தொடாமல் மேல் இலையை மட்டும் எடுத்துவிட்டால் பிழைத்தது என்று நினைக்காதீர்கள். நிழல் போய்விட்டால் மதிய வெயிலில் குஞ்சு தாங்காது. அதற்கு முன்பே காகம் வந்துவிடும். நம் ஊர் வீட்டுக் காகங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1890களில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காகச் சிலோனிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவைகள் அவை. இன்று அவை இல்லாத தாமான் இல்லை. வெட்டி முடித்த வேலியின் மேல் அவை வந்து உட்கார்வதைப் பார்த்திருப்பீர்கள், திறந்து கிடப்பதைத் தேடித்தான் வருகின்றன.

சரி, வெட்டாமலே விடலாமா? வேண்டாம். விட்டால் செடி ஒல்லியாக உயர்ந்து, கீழே மொட்டையாகி, மழைக்காற்றில் சாலையில் சாயும். முனை வீடுகளில் வண்டி திருப்புகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. வெட்டுங்கள், ஆனால் ஒரே நாளில் முழுவதையும் வெட்டாதீர்கள். இந்த முறை சாலைப் பக்கம் மட்டும். எட்டு வாரம் கழித்து வீட்டுப் பக்கம். அதற்கும் எட்டு வாரம் கழித்து மறுபடி சாலைப் பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் நாலு மாதம் கிடைக்கும், இரண்டு ஈடு குஞ்சு பறந்துவிடும். வேலியின் இரண்டு கோடியிலும் ஒரு மீட்டர் நீளத்தைக் கொஞ்சம் உயரமாக, கை வைக்காமல் விடுங்கள். சங்கத்தில் பேசும்போது செலவையும் சொல்லுங்கள், ஆள் வரும் நாள் பாதியாகக் குறைகிறது. எனக்குத் தெரிந்த இரண்டு இடங்களில் குருவிக்காகத் தலையாட்டாதவர்கள் இதற்குத் தலையாட்டினார்கள்.

வெட்டும் நாளன்று காலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று மீட்டர் தள்ளி ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள், உங்கள் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்துக்குள் திரும்பத் திரும்ப நுழைகிற பறவை, வாயில் பஞ்சோ புழுவோ வைத்திருக்கிற பறவை, நீங்கள் கிட்டே போனால் வாலை ஆட்டிக்கொண்டு கத்துகிற பறவை, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டால் அங்கே கூடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இலையை விலக்கிப் பார்க்க வேண்டாம். அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு மீட்டர் விட்டு சிவப்பு ராபியா கயிறு (பிளாஸ்டிக் நாடாக் கயிறு) கட்டிவிட்டு, வெட்ட வருகிறவரிடம் நேரில் காட்டுங்கள். வேலை செய்ய வருகிற தம்பிகளில் பலர் வங்காளதேசத்திலும் இந்தோனேசியாவிலும் கிராமத்தில் வளர்ந்தவர்கள். கூட்டைக் காட்டினால் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகப் புரியும். என்னிடம் வேலை செய்த ஒரு தம்பி, நான் கயிறு கட்டாத இடத்தில் கூட ஒரு கூட்டைக் கண்டுபிடித்து மெஷினை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

இனி அந்தக் குஞ்சுகள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதனால் மனதை வருத்திக்கொள்ளாதீர்கள், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். பறவைக்குப் பால் செரிக்காது. தையல்சிட்டுக் குஞ்சு தின்பது பூச்சியும் சின்னப் புழுவும்தான், அதையும் தாய் தந்தை இரண்டும் நாள் முழுக்க மாறி மாறிக் கொண்டுவந்து கொடுக்கும். அந்த வேலையை நாம் செய்ய முடியாது. கூடு விழுந்தால் குஞ்சோடு சேர்த்து, கிடைத்த இடத்துக்கு மிக அருகிலுள்ள அடர்ந்த கிளையில் நூலால் கட்டிவிடுங்கள். கூடு கிழிந்துவிட்டதா? அடியில் துளை போட்ட மார்ஜரின் டப்பாவில் காய்ந்த புல்லைப் போட்டுக் குஞ்சை வைத்து, நிழலில் கட்டுங்கள். பிறகு வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நம் பாட்டிமார் சொன்னது சரியல்ல. குஞ்சு கத்தினால் தாய் வரும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். இறகு முழுக்க முளைத்து, தத்தித் தத்தி நடக்கிற குஞ்சென்றால் அது விழுந்தது அல்ல, பறக்கப் பழகுகிறது. பூனையை மட்டும் உள்ளே அடையுங்கள்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் டெவன் பக்கம் படிக்கிறாள். அங்கே மார்ச் தொடங்கி ஆகஸ்ட் முடியும் வரை வயல் வேலிகளை வெட்டக் கூடாதாம், சட்டமாம். ஒரு வேலிச்செடிக்காகச் சட்டமா என்று ஆச்சரியமாக இருந்தது. இங்கேயும் அப்படிக் கொண்டுவந்தால் என்ன? — ஜெலுத்தோங் வாசகர்

பதில்: ஐயா, மகள் சொன்னது சரிதான். இங்கிலாந்தில் 2024இல் வந்த விதிப்படி, விவசாய நிலத்து உயிர்வேலிகளை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்டக் கூடாது. வேலியின் நடுவிலிருந்து இரண்டு மீட்டர் வரை உழவும் கூடாது, உரமோ மருந்தோ போடவும் கூடாது. சாலைப் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் உண்டு. வீட்டுத் தோட்ட வேலி இந்த விதிக்குள் வராது. ஆனால் 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி, பறவை குடியிருக்கும் கூட்டை எங்கேயும் தெரிந்தே அழிக்கக் கூடாது. அயர்லாந்திலும் இதே ஆறு மாதத் தடைதான்.

வேலிக்கு அங்கே ஏன் இவ்வளவு மதிப்பு? காடு குறைந்த நாடு அது. வயலுக்கும் வயலுக்கும் நடுவில் ஓடுகிற வேலிதான் பல உயிர்களுக்குக் காடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய வயல்களுக்காக அந்த வேலிகளில் சுமார் பாதியைப் பிடுங்கிவிட்டார்கள். மிஞ்சியதை டிராக்டரின் கையில் சுழலும் இரும்புத் துண்டுகளால் வருடா வருடம் அடித்து நொறுக்கிச் சமன் செய்தார்கள். ஹாதார்ன் என்ற முள்செடி முந்தின வருடக் கிளையில்தான் பூக்கும். வருடம் தவறாமல் அடித்தால் பூ குறைகிறது, பழமும் குறைகிறது. குளிர்காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வருகிற ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் பறவைகளுக்கு அந்தப் பழம்தான் சோறு. பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் என்று ஒரு பட்டாம்பூச்சி, பிளாக்தார்ன் செடியின் இளங்கிளையில் முட்டையிடும். முட்டை குளிர்காலம் முழுக்க அங்கேயே ஒட்டியிருக்கும். செப்டம்பருக்குப் பிறகு சட்டப்படி வெட்டினாலும் அந்த முட்டைகள் போய்விடும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள், தடைக்காலம் முடிந்தாலும் எல்லா வேலியையும் ஒரே வருடத்தில் வெட்டாமல், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வெட்டச் சொல்கிறார்கள்.

இங்கே அந்தத் தேதிகளை அப்படியே கொண்டுவருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே வசந்தம் வந்தால் பூச்சி பெருகும், பறவை முட்டையிடும், இலையுதிர் காலத்தில் ஓய்ந்துவிடும். பினாங்கு 5 பாகை வடக்கில் இருக்கிறது. நமக்குப் பகல் நீளம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். வருடத்தின் முதல் பாதியில் கூடுகள் அதிகம் என்பது என் கண்ணால் கண்டது, ஆனால் தீபாவளி மாதத்தில் தேன்சிட்டுக் குஞ்சையும் பார்த்திருக்கிறேன். கூடு இல்லாத மாதம் என்று ஒன்றைக் காட்ட என்னால் முடியாது. அவர்களுக்குக் காலண்டரில் தேதி இருக்கிறது. நாம் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அதைத்தான் செந்தூல் சகோதரிக்கு நீட்டி எழுதினேன்.

இன்னொன்று. நிபோங் திபாலுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுக்கு முன்னால் செம்பருத்தி வேலி, பக்கத்தில் மரவள்ளியும் கருவேப்பிலையும். அப்பா பாராங் கத்தி எடுத்து அதை வெட்டுவது வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால். அப்போதும் ஒரு கையால் கிளையைப் பிடித்துத்தான் மறு கையால் வெட்ட முடியும், அதனால் கூடு இருந்தால் கண்ணில் பட்டுவிடும். ‘இதை விடுமா, குடியிருக்காங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த கிளைக்குப் போவார். மெஷின் வந்த பிறகு நாம் கிளையைத் தொடுவதே இல்லை.

கேள்வி: வேலி அடர்த்தியாக இருந்தால் பாம்பு வருகிறது, டிங்கிக் கொசு வருகிறது என்று பக்கத்து வீட்டில் சண்டை. மொத்தமாக எடுத்துவிடச் சொல்கிறார்கள். — புக்கிட் மெர்தாஜாம் வாசகி

பதில்: ஏடிஸ் கொசு இலையில் முட்டையிடாது, தேங்கிய நீரில்தான் இடும். பகலில் நிழலுக்காக வேலிக்குள் உட்கார்ந்திருக்கும், அது உண்மை. ஆனால் பிறக்கிற இடத்தைத் தேட வேண்டுமானால் குனிந்து வேலியின் அடியைப் பாருங்கள். பொட்டலம் கட்டிய பாலிஸ்டைரின் பெட்டி, தே ஆயிஸ் (ஐஸ் டீ) குடித்த பிளாஸ்டிக் கோப்பை, உடைந்த பூச்சட்டித் தட்டு, இவைதான் காரணம். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒருமுறை அடியைச் சுத்தம் செய்தால் சண்டையில் பாதி தீரும். நான் ஒரு வீட்டு வேலியின் அடியிலிருந்து ஒரே நாளில் ஒரு கோணி நிறைய எடுத்திருக்கிறேன்.

பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி குப்பையைத் தேடி வருகிறது. கீழே ஒரு சாண் உயரத்துக்குக் கிளையை எடுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே போகும், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். கூடு கட்டுகிறவை பெரும்பாலும் அதற்கு மேலேதான். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாதீர்கள், 999க்கு அழையுங்கள், பொம்பாவோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

கேள்வி: மூன்று வருடமாக இட்லிப்பூ வேலி வைத்திருக்கிறேன். பச்சைச் சுவர் போல அழகாக வெட்டி வைக்கிறேன், பூ மட்டும் இல்லை. உரம் எது போடலாம்? — கெப்போங் வாசகர்

பதில்: உரம் வேண்டாம் தம்பி, கத்தரியைக் கொஞ்ச நாள் கீழே வையுங்கள். இட்லிப்பூ கிளையின் நுனியில் மொட்டு விடும். நீங்கள் வாரா வாரம் சமன் செய்வது அந்த நுனியைத்தான். இரண்டு மாதம் தொடாமல் விடுங்கள். பூத்து முடிந்த கொத்துகளை மட்டும் கைக்கத்தரியால் ஒவ்வொன்றாக எடுங்கள். செம்பருத்திக்கும் இதுதான் முறை. 1960 முதல் நாட்டின் தேசிய மலர் அது, ஆனால் எத்தனையோ வாசல்களில் பூவே இல்லாத இலைச்சுவராக நிற்கிறது. பூக்க விட்டால் தேன்சிட்டு வரும். அது செம்பருத்திக்குள் தலையை விடாது. பூவின் அடிப்பக்கத்தில் தொற்றிக்கொண்டு, காம்பை ஒட்டி வளைந்த அலகால் ஒரு குத்துக் குத்தி அங்கிருந்தே தேனை உறிஞ்சிவிடும். பூவைத் திருப்பிப் பார்த்தால் அந்தச் சின்னக் கீறல் தெரியும்.

கேள்வி: டீச்சர் சொன்னார்கள் என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கருவேப்பிலை வேலியில் குருவி எச்சம் போல ஒரு புழு இருக்கிறது. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாகக் கொம்பு வருகிறது, நாற்றம் அடிக்கிறது. அம்மா செடியை வெட்டிவிடச் சொல்கிறார். என்ன புழு அது? — நான்காம் ஆண்டு மாணவன், பட்டர்வொர்த்

பதில்: கண்ணா, நீ நன்றாகப் பார்த்திருக்கிறாய். அது பட்டாம்பூச்சியின் புழு. குருவி தின்னாமல் இருக்கத்தான் எச்சம் போல வேஷம் போட்டிருக்கிறது. அந்தக் கொம்பும் நாற்றமும் எறும்பையும் குளவியையும் விரட்ட. இன்னும் சில நாளில் தோல் உரித்து முழுப் பச்சையாகிவிடும், அப்போது இலைக்குள் தேடினாலும் எளிதில் கிடைக்காது. அம்மாவிடம் சொல், புழு இருக்கிற இரண்டு கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் குழம்புக்குப் பறித்துக்கொள்ளலாம். கருவேப்பிலை மறுபடி துளிர்க்கும்.

புழு தின்று முடித்ததும் ஒரு குச்சியில் நூல் கட்டிக்கொண்டு சாய்ந்து தொங்கும், அதுதான் கூட்டுப்புழு. அந்தக் குச்சியை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள், ராபியா கயிறு ஒன்று கட்டிவை. பத்து நாள் போலப் பொறுத்திரு. பெரும்பாலும் காலையில்தான் வெளியே வரும், வந்ததும் சிறகு ஈரமாகச் சுருங்கியிருக்கும், தொடாதே. கறுப்புச் சிறகில் மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தால் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி. கறுப்பில் பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் காமன் மார்மன். உன்னுடையது எது என்று அடுத்த மாதத்துக்குள் எனக்கு எழுதிப் போடு.